யாருடைய நோட்டு?

சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்டின் 'நோமட்ஸ் ஆஃப் தி ஆஸ்திரேலியன் டெசர்ட்' 1976ல் வெளியானது. அதே ஆண்டு, வடக்குப் பிரதேசத்தில் அதை விற்கக் கூடாது என்று நீதிபதி மியூர்ஹெட் இடைக்காலத் தடை போட்டார். புத்தகத்தில் இருப்பது பொய் என்று வழக்குப் போட்டவர்கள் சொல்லவில்லை. பிட்ஜன்ட்ஜாரா மக்களின் புகார் வேறு: 1940ல் வந்தபோது எங்க பெரியவங்க உங்களை நம்பிச் சொன்னதை இப்படி அச்சில் போட்டுட்டீங்களே? சடங்கு முடிக்காத ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அதைப் பார்த்தால் எங்கள் சமூகக் கட்டமைப்பே குலைந்துபோகுமே?

நம்பிச் சொன்னதை வெளியிடுவது நம்பிக்கை மீறல். அந்தப் பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கையை வைத்துத்தான் தடை கிடைத்தது. மானுடவியல் நூலில் சொன்னவர் வெறும் 'தகவலாளி', எழுதியவர்தான் ஆசிரியர். அந்த ஏற்பாட்டை எந்த இலக்கிய விமர்சகரையும்விட அழுத்தமாகக் கேள்வி கேட்டது இந்த இடைக்கால உத்தரவு என்பேன்.

அதே 1976ல் வடக்குப் பிரதேச ஆதிக்குடிகளுக்கான நில உரிமைச் சட்டமும் வந்தது. நிலத்தைக் கேட்பவர்கள் அங்குள்ள ஒரு தலத்தோடு தங்களுக்கு ஆன்மிகப் பிணைப்பு உண்டு என்று காட்ட வேண்டும். காட்டணும்னா சொல்லணும். ஆனால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதில்தானே அந்தப் பிணைப்பின் உயிரே இருக்கிறது?

டெனன்ட் கிரீக் பகுதி வாருமுங்கு மக்களின் வழக்கில் இந்தச் சிக்கல் முற்றியது. வம்சாவளி, தலங்கள், கதைகள் எல்லாவற்றையும் நிபுணர்கள் தொகுத்து 'க்ளெய்ம் புக்' ஒன்றைத் தாக்கல் செய்திருந்தார்கள். அதற்கு அடிப்படையான குறிப்புகளையும் கொடுங்கள் என்றது பிரதேச அரசு. 1986ல் விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போனது (ஆஸ்திரேலியாவில் ஹைகோர்ட்தான் உச்ச நீதிமன்றம்). க்ளெய்ம் புக்கைக் கொடுத்ததாலேயே பின்னால் இருக்கும் குறிப்புகளின் பாதுகாப்பைக் கைவிட்டதாக ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் எந்தக் காரணத்தால் அந்தப் பாதுகாப்பு? வழக்குக்காகத் தயாரானவை என்பதால், வழக்குரைஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியமாக அவை கருதப்பட்டன. பெரியவர் நம்பிச் சொன்னார் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரு மூதாட்டி ஒரு கதையை ஆய்வேட்டுக்காகச் சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே ஆய்வாளரிடம் அதே கதையை, வழக்குரைஞர் கேட்டுக்கொண்ட பிறகு சொல்லியிருந்தால் உண்டு. வாய் அதே, காது அதே, நோட்டின் தேதிதான் வேறு! 1976ல் பேசுபவர் பக்கம் திரும்பிய சட்டம் இங்கே மறுபடி வக்கீல் பக்கம் போய்விட்டது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நிபுணர் கூண்டில் ஏறி 'எனக்குச் சொன்னார்கள்' என்றால், என்ன சொன்னார்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள். அப்போது அந்தப் பாதுகாப்பு கரையத் தொடங்கும். அதனால் நோட்டில் எதை எழுதாமல் விடுவது என்பதும் களப்பணியின் பகுதியாகிறது. எழுதாமல் விட்ட வரி பாதுகாப்பானது. ஆனால் அது யாருக்கும் சாட்சி சொல்லாது.

வக்கீலின் கவசம் இல்லாமல் நம்பிக்கை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தென் ஆஸ்திரேலியாவின் ஹிண்ட்மார்ஷ் தீவு காட்டியது. பாலத்தை எதிர்த்த நாரின்ஜெரி பெண்கள் சொன்னதை 1994ல் மானுடவியலாளர் டீன் ஃபெர்ஜி இரண்டு உறைகளில் வைத்து முத்திரையிட்டு, பெண்கள் மட்டுமே படிக்க வேண்டும் என்று குறித்தார். துறை அமைச்சர் ராபர்ட் டிக்னர் அவற்றைப் படிக்காமலே பாலத்துக்குத் தடை விதித்தார். அந்த ஆவணங்கள் தவறுதலாக எதிர்க்கட்சியின் இயன் மெக்லாக்லன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர, அங்கே நகலெடுக்கப்பட்டன. 1995 மார்ச்சில் அவர் நிழல் அமைச்சரவையிலிருந்து விலகினார். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையத்தில் ரகசியத்தைச் சொல்ல அந்தப் பெண்கள் மறுத்தார்கள். அது 'புனைவு' என்று ஆணையம் டிசம்பரில் எழுதியது.

2001 ஆகஸ்டில், பாலத்தை விரும்பியவர்கள் போட்ட நஷ்டஈட்டு வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி வான் டூசா, அது புனைவு என்பதை ஏற்க முடியவில்லை என்றார். அந்த மார்ச்சிலேயே பாலத்தைத் திறந்துவிட்டார்கள்.