ஒப்பினெல் எண் 8: வாங்கிய பிறகு வேலை தொடங்கும் கத்தி

மடக்குக் கத்தியைப் பிரித்து, தேய்த்து, நிறம் ஏற்றி, தன் கைக்குப் பொருந்துகிறபடி மாற்றிக்கொள்வது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. அதில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கைவைக்கும் கத்தி ஒன்று உண்டு: பிரான்சில் தயாராகும் ஒப்பினெல் எண் 8, கார்பன் எஃகு அலகு கொண்டது. விலை குறைவு என்பது ஒரு காரணம். இதன் குறைகள் எல்லாமே உப்புத்தாளும் எண்ணெயும் சாணைக்கல்லும் கொண்டு பால்கனியில் உட்கார்ந்தே சரிசெய்துவிடக்கூடியவை என்பதுதான் பெரிய காரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்துவதானால் பத்துக்கு ஆறு மதிப்பெண். கைவேலைக்கான மூலப்பொருளாகப் பார்த்தால் ஒன்பது.

பிறந்த இடம்

ஆல்ப்ஸ் மலையில் சவோய் பகுதி. கோடரியும் வெட்டரிவாளும் அடித்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890இல் இந்த மடக்குக் கத்தியை உருவாக்கினார். 1897 வாக்கில் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகள் வந்துவிட்டன. அவற்றில் 1, 11 இரண்டும் 1930களில் நிறுத்தப்பட்டன. அலகில் பொறித்திருக்கும் கிரீடம் சூடிய கை முத்திரை 1909இல் பதிவானது. பிடியின் தலையில் சுழலும் பூட்டு வளையத்தை 1955இல் சேர்த்தவர் மார்செல் ஒப்பினெல். அதற்கு முன் இந்தக் கத்திக்குப் பூட்டே கிடையாது.

இன்றும் மொத்தம் ஐந்தே பாகங்கள்: மரப்பிடி, அலகு, ரிவெட், நிலையான வளையம், சுழலும் வளையம். எது எதைத் தாங்குகிறது என்பது பார்த்தவுடனே புரியும். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

வந்தபடியே எப்படி?

எடை 45 கிராம் அளவு. அலகு 8.5 செ.மீ., மடக்கினால் 11 செ.மீ. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. அலகு மெல்லியது, முதுகிலிருந்து வாய் வரை சீராகச் சரிந்து இறங்குகிறது. தடித்த அலகுள்ள கத்திகள் ஆப்பிளை வெட்டும்போது பாதி வழியில் பழம் ‘டக்’கென்று பிளந்துகொள்ளும். இது கடைசி வரை வெட்டிக்கொண்டே போகிறது. பழுத்த தக்காளியை நசுக்காமல் வட்டம் வட்டமாக எடுத்துவிடலாம்.

இனி குறைகள். பிடி பீச் மரம். அதன் மேல் பளபளவென்று வார்னிஷ். ஈரக் கையில் வழுக்குகிறது. பிடி உருண்டை என்பதால் சரிவான மேசையில் வைத்தால் உருண்டு விழப் பார்க்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அலகு உள்ளே படுக்கும் பிளவு. வெளியே வார்னிஷ் இருக்க, பிளவின் உட்சுவரோ பச்சை மரம். ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலகு உள்ளேயே இறுகிவிடும். இழுத்தால் நகம்தான் பெயரும். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். அவசரத்துக்கு அது போதும். நிரந்தரத் தீர்வுக்குக் கத்தியைப் பிரித்தாக வேண்டும்.

பிரிப்பது

அலகை விரித்து, சுழலும் வளையத்தின் திறந்த வாயை அலகுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். சர்க்கிளிப் பிளையரின் இரு முனைகளையும் அந்த வாயில் கொடுத்து மெல்ல விரித்தால் வளையம் கழன்று வரும். வளையம் ஸ்பிரிங் போலத் துள்ளும் என்பதால் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிவது கட்டாயம். தேவைக்கு மேல் விரித்துவிட்டால் திரும்ப மாட்டும்போது தளர்ந்து சுழலும். அப்போது பிளையரால் லேசாக நெருக்கி, விரலால் கொஞ்சம் முயன்றால்தான் திரும்பும் என்ற இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ரிவெட்டைத் தொடாதீர்கள். அதன் தலையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி அடிப்பவர்கள் உண்டு. ஆனால், அலகு பிளவின் நடுவில் நிற்பதும் ஆடாமல் இருப்பதும் அந்த ஒரு ரிவெட்டின் இறுக்கத்தில்தான் இருக்கிறது. அலகு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டால் கைக்கும் ஆபத்தில்லை, அலகும் கீறலில்லாமல் தப்பும்.

பிடியில் கைவைத்தல்

முதலில் 120 எண் உப்புத்தாளால் வார்னிஷை நீக்க வேண்டும். மரத்தூள் மூச்சுக்குழாய்க்கு நல்லதல்ல; முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே உட்காருங்கள். வார்னிஷ் போனதும் இரு பக்கங்களையும் சற்றுத் தட்டையாக்கினால் கத்தி உருளாது, பையிலும் அடக்கமாக இருக்கும். நகக்குழிக்கு நேரே பிடியில் அரைவட்ட அரத்தால் ஒரு பள்ளம் எடுத்தால் அலகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கலாம். நகத்துக்கு வேலையே இல்லை. இந்தக் கத்தியில் செய்யக்கூடிய மாற்றங்களில் அதிகப் பயன் தருவது இதுதான்.

ஒரே எச்சரிக்கை: வளையத்தை ஒட்டிய பகுதியில் மரத்தைக் குறைக்கக் கூடாது. நடுவில் பிளவு ஓடுவதால் அங்கே இருபுறமும் மெல்லிய சுவர்தான் மிச்சம். அழுத்தமெல்லாம் வந்து விழுவதும் அங்கேதான்.

பிறகு 240 எண் தாள். அது முடிந்ததும் ஈரத்துணியால் பிடியை ஒருமுறை துடையுங்கள். காய்ந்த பின் விரலை ஓட்டிப் பார்த்தால், வழவழவென்று இருந்த மரம் திரும்பச் சொரசொரவென்று இருக்கும். அடங்கிக் கிடந்த நார் எழும்பியிருக்கிறது. இப்போது 400 எண் தாளால் தேய்த்தால் அந்த நார் போய்விடும். இதைச் செய்யாதவர்களின் பிடி, முதன்முறை கழுவியதுமே முள்முள்ளாகிவிடும்.

கருப்பு ஏற்றுதல்

மரத்துக்குச் சாயம் வாங்க வேண்டியதில்லை. இரும்பு நாரை வினிகரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வாயு வெளியேறும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். பக்கத்தில் நெருப்பும் வேண்டாம். இந்த நீர், மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருமை தரும். பீச் மரத்தில் துவர்ப்பு குறைவு. வெறுமனே பூசினால் அழுக்குச் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். வெளிநாட்டில் முதலில் கெட்டியான தேநீரைப் பூசுகிறார்கள். நம்மிடம் அதைவிட வீரியமான பொருள் நாட்டுமருந்துக் கடையிலேயே இருக்கிறது: கடுக்காய்ப் பொடி. அதைக் காய்ச்சி வடிகட்டிப் பூசி, காய்ந்ததும் இரும்பு நீரைத் தடவினால் தூரிகை போன வழியெல்லாம் மரம் கறுத்துக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். கலங்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கருப்பு எடுப்பதும் இதே வேதியியல்தான்.

நிறம் பிடித்ததும் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் ஏற்ற வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். அது காயவே காயாது. நல்லெண்ணெய் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். வேண்டியது ஆளிவிதை எண்ணெய். அது காற்றுப்பட்டு மெல்ல இறுகும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கொதிக்கவைத்த வகையில் சீக்கிரம் உலர்வதற்கான உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும். பழம் நறுக்கும் கத்திக்குக் கலப்பில்லாத எண்ணெயே நல்லது. மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் விட்டு மறுபடி பூச வேண்டும். பிளவின் உள்ளே சிறு தூரிகையால் தாராளமாக ஊட்டி, அது காய்ந்த பின் உருக்கிய தேன்மெழுகை விடுங்கள். மழைக்காலத் தொல்லை பெருமளவு இத்தோடு தீரும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிவது ஆபத்து; தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

அலகு

கார்பன் அலகில் கரிச்சத்து ஏறக்குறைய 0.9 சதவீதம். துருப்பிடிக்காத எஃகில் இருப்பது போன்ற குரோமியம் இதில் இல்லை. அதனால் கூர் எளிதில் ஏறும், துருவும் எளிதில் ஏறும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கறுப்பைத்தான் இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறோம். அலகை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, சூடான வினிகரில் நனைத்த துணியால் சுற்றிவைத்தால் சாம்பல் நிறம் படியும். கடுகு விழுதைத் திட்டுத்திட்டாகத் தடவினால் மேகம் போன்ற வடிவங்கள் கிடைக்கும். முடிந்ததும் சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துவிட வேண்டும். இந்தப் படலம் செந்துருவைத் தாமதப்படுத்தும்; அடியோடு தடுக்காது.

அமிலம் வாயையும் அரித்திருக்கும் என்பதால் சாணை பிடிப்பது கடைசி வேலை. 1000 எண் நீர்க்கல்லில், பக்கத்துக்கு 20 பாகை அளவில் சாய்த்து, ஒரு பக்கம் முழுக்கத் தேயுங்கள். மறுபக்கத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை வழித்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அந்தப் பிசிறு வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். இறுதியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் இழுத்தால் பிசிறு போய், தொங்கும் நாளிதழ்த் தாளைச் சத்தமில்லாமல் அறுக்கும்.

மின் சாணைச் சக்கரத்திடம் மட்டும் கொடுக்காதீர்கள். வாய்ப்பகுதி 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அலகின் வடிவத்தையே மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். கடினப்படுத்திய எஃகின் மேல் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போகும். வைர அரமும் பொறுமையும் வேண்டும்.

மாற்று உண்டா?

விக்டோரினாக்ஸ் கத்திகளின் பக்கத்தகடுகளைக் கழற்றி வேறு நிறத்தில் மாட்டலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் ரிவெட்டுகளை உடைத்தாக வேண்டும். அலகு துருப்பிடிக்காத எஃகு என்பதால் வினிகர் வித்தையும் பலிக்காது. தினசரிப் பயன்பாட்டுக்கு அதுவே மேல். பழகுவதற்கு இதுவே மேல். ஒப்பினெல்லிலேயே துருப்பிடிக்காத வகை இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களும் கத்தியைத் துடைத்துவைக்க மறப்பவர்களும் அதை வாங்கிப் பிடியில் மட்டும் கைவேலை காட்டலாம்.

யாருக்கு?

பிளாஸ்டிக் கட்டு அறுக்கவும் கடித உறை கிழிக்கவும் கத்தி தேடுபவர் இதை வாங்க வேண்டாம்; பராமரிப்பே சலிப்பாகிவிடும். நெம்புவது, திருகுவது போன்ற முரட்டு வேலைக்கும் இது ஆகாது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க: பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது அங்கே குற்றம்.

கையால் ஒரு பொருளைச் சரிசெய்யும் சுகம் வேண்டும், ஆனால் பட்டறையோ பெரிய கருவிகளோ இல்லை என்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாக வாங்குங்கள், ஒன்றில் அரம் பிடித்துப் பழகிக்கொண்டு மற்றதில் கைவையுங்கள். முதல் வேலை, பிளவுக்கு எண்ணெயும் மெழுகும். கருப்பும் மேக வடிவங்களும் அதற்கப்புறம் வந்தால் போதும்.