தாடைத் துண்டுக்கு வெள்ளைப் போர்வை

நானுக்சாரஸ் என்றொரு டைனோசர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவின் வடகோடியில் வேட்டையாடித் திரிந்தது. 2014-ல் ஆய்வாளர்கள் பியோரில்லோவும் டைகோஸ்கியும் அதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை மேல்தாடை, கீழ்த்தாடை, மண்டை உச்சி ஆகியவற்றின் துண்டுகள்தாம். ஒரு முறத்தில் அடங்கிவிடும். இன்று படங்களில் அதே விலங்கு வெள்ளை இறகு போர்த்திப் பனியில் நடக்கிறது.

துண்டை வைத்து முழுசைக் கட்டுவதை நான் பழிக்கவில்லை. அந்தத் துண்டுகள் கிடைத்த பிரின்ஸ் கிரீக் பாறையடுக்கின் மண்ணைச் சலித்தவர்களுக்கு டைனோசர் குஞ்சுகளின் பொடிப் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. முட்டை பொரியவே மாதக்கணக்கு ஆகும். பொரிந்த குஞ்சைக் கூட்டிக்கொண்டு குளிருக்கு முன் தெற்கே போக நாள் போதாது. ஆகவே டைனோசர்கள் குளிர்காலத்தின் நான்கு மாத இருட்டையும் அங்கேயே கழித்திருக்கின்றன என்று 2021-ல் எழுதினார்கள். சல்லடையில் தங்கிய பொடியிலிருந்து இவ்வளவு தூரம் போகலாம், படிப்படியாகப் போனால்.

படிகளைத் தாண்டும்போதுதான் சறுக்கல். முதலில் நானுக்சாரஸின் நீளம் 6 மீட்டர் என்றார்கள். வடக்கில் இரை குறைவு, அதனால் குள்ளம் என்று காரணமும் சொன்னார்கள். பிறகு அங்கே கிடைத்த பெரிய பற்கள், அது தெற்கத்திய உறவினர்கள் அளவுக்கே வளர்ந்திருக்கலாம் என்று காட்டின. அளவு ஆட்டம் கண்டதும் காரணம் அந்தரத்தில் தொங்குகிறது. இறகுக்காவது சாட்சி உண்டு: சீனாவில் இறகுத் தடத்தோடு கிடைத்த 9 மீட்டர் யூடிரனஸ். ஆனால் அது தூரத்து உறவு. 2017-ல் ஆராய்ந்த நெருங்கிய உறவினர்களின் தோல் பதிவுகளில் இருந்தவை செதில்கள். வெள்ளை நிறத்துக்கோ சாட்சியே இல்லை. நானுக்சாரஸ் வாழ்ந்தது ஊசியிலை மரக்காடு; பனி பெய்திருக்கும், ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கவில்லை. இன்யூபியாக் மொழியில் ‘நானுக்’ என்றால் பனிக்கரடி. பெயரிலிருந்துதான் சாயம் இறங்கியிருக்கிறது என்பது என் சந்தேகம்.

நம் ஜவ்வாது மலைப் பாறைகளில் டைனோசரைத் தேடிப் பயனில்லை. அவை அதைவிடப் பல மடங்கு மூத்தவை. ஆனால் இதே சிக்கலை அந்த மலை பார்த்திருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று அங்குள்ள காவலூர் வானாய்வகத்தில், யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். கோள் நெருங்குமுன்பே விண்மீன் சில நொடி மங்கியது. புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். அது யுரேனஸின் வளையம். மங்கியது உண்மை, வைத்த பெயர் பிசகு. மங்கலைத் தனியாகப் பதிந்து வைத்திருந்ததால் திருத்த முடிந்தது.

வண்ணப்படத்தில் அந்த வசதி இல்லை. எலும்புக்கும் ஊகத்துக்கும் ஒரே தூரிகை. ஆய்வுக் கட்டுரைகளில் வேறொரு வழக்கம் உண்டு: கிடைத்த எலும்பை மட்டும் வெள்ளையாக விட்டு, மிச்சத்தைக் கறுப்பு நிழலாக நிரப்புவார்கள். 2014-ன் துண்டுகளை வைத்து நானுக்சாரஸை அப்படி வரைந்தால் தலையில் மூன்று வெள்ளைத் திட்டுகள். கழுத்திலிருந்து வால் நுனிவரை கறுப்பு.