‘காஞ்சிவரம்’: தறியும் அடைமானமும்

திரைப்படம் ஒன்றை இறையியல் ஏட்டில் ஆராய்வது தகுமோ என வினவுவோர் இன்னும் நம்மிடையே உளர். பிரியதர்ஷன் இயக்கத்தில் 2009-இல் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்த ‘காஞ்சிவரம்’ அவ்வினாவிற்கு இடமளியாத படம். 2007-ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளில் அது சிறந்த படமாகவும், வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகராகவும் தெரிவுசெய்யப்பட்டனர். கொத்தடிமை முறையை எதிர்க்கும் தொண்டு நிறுவனங்களுக்குத் திருச்சபையினர் காணிக்கை அளித்துவரும் இந்நாளில், இப்படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என ஆயர்களும் மாணாக்கரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

கதை 1948-இல் தொடங்குகிறது. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில், காவலருடன் மழையில் பேருந்தேறி ஊர் திரும்பும் நெசவாளன் ஒருவனின் நினைவுகளே படம். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தவன், மனைவிக்கு ஒரு பட்டுச் சேலை வாங்க இயலாதவன். பிறந்த மகளின் காதில், திருமணத்திற்குப் பட்டுடுத்துவேன் என வாக்களிக்கிறான். சேர்த்த பணமோ உடன்பிறந்தாளின் கணவனுக்குப் போய்விடுகிறது. பின்னர் பட்டிழையை வாயில் அடக்கித் திருடிவந்து இரவில் மறைவாக நெய்கிறான்; தானே முன்னின்ற வேலைநிறுத்தத்தை அவ்விழைக்காகவே கைவிடுகிறான்; பிடிபடுகிறான். இறுதியில், உடல் முடங்கிக் கிடக்கும் மகளுக்கு நஞ்சூட்டி, முற்றுப்பெறாத அப்பட்டால் அவளைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. உழைப்பவனின் வறுமை தமிழ்த் திரையில் இத்துணைச் சிக்கனமாகச் சொல்லப்பட்டது அரிது.

எனினும் இங்கு அடிமைத்தனம் நிறைவேறாத ஓர் ஆசையாகவும், குற்றம் இழைத் திருட்டாகவும், எதிரி ஒரே முதலாளியாகவும் சுருங்கிவிடுகின்றன. யாரை வெறுப்பது என்பது பார்ப்போருக்கு உடனே விளங்கிவிடுகிறது. காஞ்சித் தறியின் உண்மைக் கட்டு அவ்வளவு எளிதாய்க் கண்ணுக்குப் படுவதன்று. கோர்வைச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு அருகமர்ந்து கரை நாடாவைத் தள்ள மற்றொரு கை தேவை. நெடுங்காலம் அது ஒரு பிள்ளையின் கையாகவே இருந்தது. நோய்க்கோ திருமணத்திற்கோ பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளை தறியில் அமர்ந்தது. கூலி கடனைத் தீர்க்கப் போதாது, கடன் தீராமல் எழுந்து செல்லவும் இயலாது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட பட்டுத்தொழில் பற்றிய அறிக்கை, கர்நாடகம், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டையும் ஆராய்ந்து, இத்தொழிலில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததைப் பதிவுசெய்தது. முன்பணம் தந்தவரோ பல வேளைகளில் தாமும் வணிகரிடம் கடன்பட்ட சிறு நெசவாளரே. இப்பிள்ளை படத்தின் நடுவில் இல்லை. மகளுக்காகத் திருடும் தகப்பனுக்காக நாம் அழுகிறோம். மகளை ஈடுவைக்கும் தகப்பனுக்காக அழுவது கடினம். இயக்குநர் அக்கடினத்தைத் தவிர்த்துவிட்டார்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் அதைத் தவிர்க்கவில்லை. பஞ்சத்தில் தானியத்திற்காகவும் அரசனின் வரிக்காகவும் வயல்களை அடகுவைத்துப் பிள்ளைகளை அடிமைப்படுத்திய பெற்றோரே அங்குக் கூக்குரலிடுகின்றனர். அவர்கள் முறையிடுவது அந்நியர் மீதன்று, தம் சகோதரர் மீது. தாமும் தம்மவரும் கடன் கொடுத்தோரே என்பதை நெகேமியா மறைக்கவில்லை. கடிந்துரைத்ததோடு நில்லாமல் வயலையும் வீட்டையும் திருப்பித்தரச் செய்கிறார். ஆசாரியரை அழைத்து ஆணை பெறுகிறார்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் ஏறத்தாழ இதையே செய்தது: கொத்தடிமைக் கடன் இனிக் கடனன்று. காஞ்சியில் ‘ரைடு’ போன்ற தொண்டு நிறுவனங்கள் தறிப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணரப் பாடுபட்டன. ஆயினும் முன்பணம் தறியோடு மட்டும் நின்றதன்று. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர், இருளர் குடும்பங்கள். ‘மீட்பு’ என்னும் நம் சொல்லையே செய்தித்தாள்களும் பயன்படுத்தின. மீட்கப்பட்டோரின் எண்ணிக்கையைத் தொண்டு நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் முதலிடத்தில் அச்சிடுகின்றன; நாமும் அதையே கேட்டுக் காணிக்கை தருகிறோம். அடுத்த மாதம் அக்குடும்பம் எதை உண்டது என்பதை யாரும் கேட்பதில்லை. 2016-இல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் உதவித்தொகையின் பெரும்பகுதியை வழக்கின் முடிவோடு பிணைத்தது. வழக்கு நீள, காத்திருக்கும் குடும்பம் மீண்டும் முன்பணம் தேடும். விடுதலையாகும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பாமல் மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து கொடுத்தனுப்ப வேண்டுமென உபாகமம் 15 கட்டளையிடுவது இதையறிந்தே போலும்.

மாணாக்கர் இப்படத்தைக் காணட்டும். கண்டபின் கலந்துரையாடலில் வேங்கடத்தின் திருட்டு பாவமா என்றே பொழுதைப் போக்காமல், நம் சபைகளில் தறிக்கும் அரிசி ஆலைக்கும் செங்கற்சூளைக்கும் முன்பணம் கொடுத்து ஆள் வைத்திருப்போர் யார் என்பதையும் பேசட்டும்.