லென்ஸின் ஆயுளும் கேமராவின் ஆயுளும்

பழைய லென்ஸ்களையும் பழைய கேமராக்களையும் அன்றாடப் புகைப்படத்துக்குக் கையாளும் வழக்கத்தை ஒரே விஷயமாகப் பாவித்துப் புகழ்வோரும் இகழ்வோரும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அவை வெவ்வேறானவை; முன்னது இன்றும் பிரயோஜனமுள்ளது, பின்னது அன்றாட உபயோகத்துக்குரிய தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிட்டது.

சோவியத் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்ட 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் 44 லென்ஸ், ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தாருடைய பயோட்டார் அமைப்பைத் தழுவியது. ஃபிலிமிலிருந்து சுமார் 45 மில்லிமீட்டர் தள்ளி நிற்கவேண்டிய இதனை, அந்த இடைவெளி மிகக் குறைவாயுள்ள இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் ஓர் அடாப்டர் வளையத்தின் உதவியால் சுலபமாகப் பொருத்திவிடலாம். 1882-ஆம் ஆண்டு மைசூர் மகாராஜா ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு அளித்த நிலத்தில் உருவான, பெங்களூரைச் சேர்ந்த வைட்ஃபீல்டின் இன்னர் சர்க்கிளில், ஓட்டு வீடொன்றின் முன் மரநிழலில் ஒருவரை நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து படமெடுத்தால், ஓரங்களில் ஒளி முழுமையாகப் புகாத காரணத்தால் இலைகளினூடே தெரியும் ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் வடிவாய் ஒடுங்கி, அம்மனிதரைச் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும். இதை லென்ஸின் ஆன்மா என்று கொண்டாடுவதை நான் ஒப்பேன். இது பிழையே, ஆனால் இடமறிந்து கையாளும்போது குணமாகிற பிழை. மெய்யான லாபம் வேறிடத்தில் இருக்கிறது: வளையத்தைக் கையால் திருப்பிக் குவியம் தேடும் அந்த இரண்டொரு கணத்தில், எதிரிலுள்ள முகத்தை நாம் சிரத்தையோடு பார்க்கிறோம்.

அதே லென்ஸை அவ்வூரிலேயே உள்ள ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்காவின் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களின் முன் உயர்த்தினால், மெல்லிய பழைய பூச்சு எதிரொளியைத் தாங்கமாட்டாமல் படம் வெளுத்துப் போகும். ஓடும் குழந்தையைப் பிடிக்கவோ கை போதாது. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பற்றி, பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் அந்த வடு போகாது. சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாத பெட்டி வாங்காதவர் இந்த வழக்கத்தை மேற்கொள்ளாதிருப்பதே நலம்.

கேமராவின் கதை இத்தனை இலகுவானதன்று. லென்ஸுக்கு வெளிச்சம் போதும். கேமராவுக்கோ ஒரு தொழில் முழுவதும் பின்னால் நிற்கவேண்டும். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III, ஒரு 120 ஃபிலிம் சுருளில் 12 படங்கள் தந்து, சாமானியக் குடும்பங்களின் கலியாணத்தையும் காதுகுத்தையும் பதிவுசெய்த காலத்தில், 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ‘இந்து’ ஃபிலிமை உள்நாட்டிலேயே அளித்தது. கழுவித்தரும் ஸ்டுடியோவும் ஊருக்கு ஊர் இருந்தது. அந்த ஆலை ஓய்ந்தது, ஸ்டுடியோக்களின் இருட்டறைகளும் மறைந்தன. அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றின் ஒளிமானிக்கு உரிய 1.35 வோல்ட் பாதரச பாட்டரிகூட இன்று தயாராவதில்லை. வேறு வோல்ட் அளவுள்ள பாட்டரி இட்டால் மானி பெரும்பாலும் பொய்யளவு காட்டுகிறது. எளியவர் கைக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு யந்திரம், இறக்குமதி ஃபிலிமின் விலையால் வசதியுள்ளோரின் விநோதப் பொருளாகிவிட்டதை என்னால் சந்தோஷத்தோடு வரவேற்க இயலவில்லை.