மெல்லிய பீரின் கனம்

பார்க்லே பெர்கின்ஸ், விட்பிரெட், ட்ரூமன். லண்டனின் தாகத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தீர்த்துவந்த இந்தப் பழைய ஆலைகளில் இன்று பீர் காய்ச்சுவதில்லை. அவற்றின் கணக்கேடுகள் மட்டும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு ஈடு பீருக்கு எத்தனை குவார்ட்டர் மால்ட், எத்தனை பவுண்டு ஹாப்ஸ், அந்த ஹாப்ஸ் எந்த ஆண்டு அறுவடை, மால்ட்டை நனைத்த தண்ணீர் எத்தனை ஃபாரன்ஹீட், அடிக்குழாயைத் திறந்தபோது வந்த சாறு எத்தனை ஃபாரன்ஹீட், ஈஸ்ட் எவ்வளவு, நாளுக்கு நாள் அடர்த்தி எப்படி இறங்கியது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ருசிக்குக் கட்டம் இல்லை. அன்றாடம் குடித்தவர்களுக்கு அதை எழுதிவைக்கும் தேவை இருக்கவில்லை. நமக்கு அது தெரியவேண்டுமென்றால் அந்தக் கணக்கின்படி காய்ச்சிக் குடித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்றிருந்த விதியை 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். 1970களில் மேற்கு லண்டனில் டர்டன் பார்க் பீர் சர்க்கிள் என்ற சிறு குழு பழைய செய்முறைகளைத் தேடிப் பிடித்து, சமையலறை அளவுக்குச் சுருக்கிக் காய்ச்சிப் பார்த்துப் புத்தகமாகவே போட்டது. பின்னர் ரான் பாட்டின்சன் ஆலைகளின் கணக்கேடுகளை ஆண்டு வாரியாகப் படித்து, வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கென்றே 2014-ல் ஒரு நூல் எழுதினார். நான் காய்ச்சும் மைல்ட் ஏல் இவர்கள் போட்ட பாதையில் வருவது.

இன்று ஒரு பப்பில் மைல்ட் கேட்டால் பெரும்பாலும் கருஞ்சிவப்பாக, மூன்று அல்லது மூன்றரை சதவீத மதுவோடு, கசப்பு குறைந்த ஒரு பீர் வரும். மைல்ட் என்றைக்குமே இப்படித்தான் இருந்தது, வயதானவர்கள் குடிக்கும் மெலிந்த பீர் அது, என்று நினைப்பவர்கள் பலர். ஏடுகளைத் திறந்தால் அந்த எண்ணம் உடனே உடைந்துபோகும். 19ஆம் நூற்றாண்டில் மைல்ட் என்றால் பழக வைக்காமல் புதிதாகவே விற்கும் ஏல்; மாதக்கணக்கில் கிடங்கில் பழகிப் புளிப்பேறியது இன்னொரு வகை. நிறத்துக்கும் போதைக்கும் அந்தப் பெயரோடு சம்பந்தம் இருக்கவில்லை. பீப்பாயின் மேல் எக்ஸ், இரண்டு எக்ஸ், மூன்று எக்ஸ், நான்கு எக்ஸ் என்று குறியிட்டார்கள். தண்ணீரின் அடர்த்தி 1000 என்றால், நொதிக்கும் முன் மால்ட் சாற்றின் அடர்த்தி 1830களின் லண்டனில் வெறும் எக்ஸுக்கே 1070ஐ ஒட்டி இருந்தது. நான்கு எக்ஸ் 1100ஐ எட்டியது. இன்று வலுவான பீர் என்று தயங்கித் தயங்கி ஊற்றுவதை அன்று சுமைதூக்கும் தொழிலாளி சாதாரணமாகக் குடித்தார்.

அந்த 1830கள் எக்ஸைக் காய்ச்சுவது கையைப் பொறுத்தவரை எளிது, செலவைப் பொறுத்தவரை அல்ல. வெளிர் மால்ட், கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். வேறு ஒன்றும் கிடையாது. ஏட்டில் ஒரு குவார்ட்டர் மால்ட் என்பது 336 பவுண்டு, ஏறக்குறைய 152 கிலோ. ஒரு பீப்பாய் 36 கேலன், ஏறக்குறைய 164 லிட்டர். என் பாத்திரத்தின் 23 லிட்டருக்கு அதைச் சுருக்கினாலும் ஏழு கிலோ மால்ட்டும் 150 கிராம் ஹாப்ஸும் பிடிக்கும். பொன்னிறத்தில், தேன் மணத்தோடு, நாக்கில் ஒட்டும் கனத்தோடு வரும் அது. புதிதாகக் குடிக்கும்போது மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் இரண்டுமே உரக்கப் பேசும். அருமையான பீர். ஆனால் இவ்வளவு மால்ட்டைப் போட்டால் யார் காய்ச்சினாலும் கனம் வந்துவிடும் என்பதும் உண்மை. காய்ச்சுபவரின் கைத்திறன் உண்மையில் தெரியும் இடம் அதற்கு நூறு ஆண்டு கழித்து வந்த எக்ஸ்.

அந்த நூறு ஆண்டில் நடந்தது வரி. 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை எடுத்துவிட்டு, நொதிக்கும் முன் சாறு எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்ப வரி வைத்தார். அதோடு மால்ட்டுக்குப் பதில் வேறு தானியங்களைச் சேர்க்கவும் வழி திறந்தது. மக்காச்சோள அவலும் சர்க்கரையும் ஏடுகளில் தவறாமல் இடம்பெறத் தொடங்கின. முதல் உலகப்போர் வந்ததும் அடி பலமாக விழுந்தது. 1055 அடர்த்தியுள்ள ஒரு பீப்பாய்க்கு 7 ஷில்லிங் 9 பென்ஸாக இருந்த வரி 1914 நவம்பரில் 23 ஷில்லிங் ஆனது. 1920-ல் 100 ஷில்லிங். நடுவில் தானியத்தைச் சேமிக்க அரசு பீரின் அளவையும் அடர்த்தியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. போருக்கு முன் 1050ஐ ஒட்டியிருந்த லண்டன் எக்ஸ் போர் முடிவில் 1030க்கும் கீழே போனது. பிறகு சற்று ஏறியது, 1931-ல் நிதியமைச்சர் ஸ்னோடன் வரியை ஏற்றிய பட்ஜெட்டில் மறுபடி இறங்கியது, இரண்டாம் போரில் இன்னும் இறங்கியது. அப்போதும் மைல்ட்தான் நாட்டின் பொதுப் பீர். வார்ப்பட ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வியர்வை ஊற்ற வேலை செய்துவிட்டு வந்தவர் நான்கைந்து பைண்ட் குடிப்பார். அவருக்குத் தண்ணீர் குடித்ததுபோல் இருக்கக் கூடாது.

முன்பு போட்டதில் பாதி அளவு மூலப்பொருளை வைத்து ஒரு முழு பீரைத் தர வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தில்தான் கருநிற மைல்ட் தன் உருவத்தை எட்டியது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்த பகுதி இது.

1930களின் லண்டன் எக்ஸை எடுத்துக்கொண்டால், அடிப்படைக்கு ஒரே மால்ட் இல்லாமல் வெளிர் மால்ட்டும், சற்றுக் கூடுதல் சூட்டில் காயவைத்த மைல்ட் மால்ட்டும் சேரும். கிரிஸ்டல் மால்ட் வரும். மக்காச்சோள அவல், கருநிற இன்வர்ட் சர்க்கரை, நிறத்தைச் சரிக்கட்டக் கொஞ்சம் கேரமல். கறுத்த மைல்ட் என்றதும் பலர் கருகவறுத்த மால்ட்டைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். அது போர்ட்டரின் வழி. காப்பிக் கசப்பைக் கொண்டுவந்துவிடும். எக்ஸின் கருமையில் பெரும்பங்கு சர்க்கரையிலிருந்து வருவது.

அந்தச் சர்க்கரை ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்டு ஆலைகளுக்கு விற்கப்பட்டது. எண் ஏற ஏற நிறம் கூடும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதைத் தாங்களே செய்துகொள்ளலாம், செய்துகொள்ள வேண்டும் என்பேன். சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை ஒரு கிலோ, அரை லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடும். பாகு 115 டிகிரி செல்சியஸை எட்டியதும் தீயைச் சுருக்கி, அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலில் உருட்ட வரும் அதிரசப் பதம்தான் இது. அதிரசத்துக்கு அந்தக் கணமே இறக்கிவிடுவார்கள். இங்கே மூன்று மணி நேரம் வரை காக்க வேண்டும். சூடு ஏறும்போதெல்லாம் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை மணியில் வெளிர் பொன், ஒன்றரை மணியில் செம்பழுப்பு, மூன்றாம் மணியில் மரப்பழுப்பு. வாசனையும் படிப்படியாக மாறும்: கரும்பு, பிறகு உலர்திராட்சை, பிறகு உலர்ந்த கறுப்புப் பிளம். அந்தக் கடைசிக் கட்டத்தில் வருவது மைல்ட்டின் மையச் சுவை. வெறும் கேரமலும் வெள்ளைச் சர்க்கரையும் கலந்து காய்ச்சினால் நிறம் அச்சாக வரும், ருசி வராது.

அந்த ஏடுகளின் வழியில் 23 லிட்டருக்கு நான் அமைத்துக்கொண்ட கணக்கு: வெளிர் மால்ட்டும் மைல்ட் மால்ட்டும் சேர்த்து 2.4 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், மக்காச்சோள அவல் 300 கிராம், மூன்றாம் எண் பாகு 300 கிராம், ஃபகிள்ஸ் ஹாப்ஸ் 30 கிராம். சாறு 1033-ல் நிற்கும். நொதித்து 1010-க்கு வந்தால் மது மூன்று சதவீதம். இந்தக் கொஞ்சத்திலிருந்து கனத்தை எடுக்க உள்ள முக்கியப் பிடி மால்ட் ஊறும் சூடு. 65 டிகிரியில் ஊறினால் மாவுச்சத்து ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாகப் பெரிதும் உடைந்துவிடும். பீர் வறண்டு மெலியும். 68-ல் ஊறினால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகள் மிஞ்சும். அவைதான் வாயில் நிறைவைத் தருகின்றன. மூன்று டிகிரி வித்தியாசம் பீரையே மாற்றிவிடுகிறது. வலுவான பீரில் இந்தப் பிசகு மறைந்துவிடும். மூன்று சதவீதத்தில் ஒளிய இடமில்லை.

தண்ணீரும் முக்கியம். பர்ட்டன் நகரத்து ஜிப்சம் நிறைந்த தண்ணீர் பேல் ஏலின் கசப்பைக் கூர்மையாக்கும். மைல்ட்டுக்கு அது ஆகாது. குளோரைடு சற்றுத் தூக்கலாக இருந்தால் மால்ட் உருண்டு வரும். ஹாப்ஸைப் பற்றி ஏடுகள் சொல்வது இன்னும் சுவாரசியம். மைல்ட்டுக்குப் போட்ட ஹாப்ஸில் பலசமயம் இரண்டு மூன்று ஆண்டுப் பழையது இருக்கும். சில வாரங்களில் குடித்துத் தீரப்போகும் பீருக்குக் கெடாமல் காக்கும் சக்தி அவ்வளவு தேவையில்லை, எடுப்பான மணமும் தேவையில்லை. நானும் ஓராண்டு கடந்த ஃபகிள்ஸையே போடுகிறேன். மண்வாசம் மட்டும் அடியில் நிற்கும், அது போதும்.

மைல்ட்டைக் காக்கவைக்கக் கூடாது. அடுப்பில் வைத்த நாளிலிருந்து இரண்டு வாரத்தில் குடிக்கத் தயார். வாயு குறைவாக, 12 டிகிரி சூட்டில் ஊற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே ஊற்றினால் மூன்று மணி நேரம் நின்று காய்ச்சிய பாகின் சுவை முழுக்கக் காணாமல் போய்விடும். சரியாக வந்த ஈட்டில் முதல் வாய் ரொட்டியின் கருகிய ஓரம், அடுத்து உலர்பழம், முடிவில் ஒரு சிறு வறட்சி. அந்த வறட்சி மக்காச்சோள அவலின் கொடை. அது இல்லாவிட்டால் இரண்டாவது பைண்டில் திகட்டும்.

1960களில் பிட்டர் முந்தியது, லாகர் வந்தது, மைல்ட் ஒதுங்கியது. சில பப்காரர்கள் சிந்திய பீரையும் மிச்சத்தையும் மைல்ட் பீப்பாயிலேயே திருப்பி ஊற்றினார்கள், கருநிறம் அதை மறைத்தது என்பது அந்த ஒதுக்கலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஒரு நல்ல பீருக்குச் செய்த அநியாயம் அது. ஆனாலும் அது சாகவில்லை. ஷ்ராப்ஷயரின் ஹாப்சன்ஸ் மைல்ட், வெறும் 3.2 சதவீதம், தன்னைவிட வலுவான பீர்களைத் தாண்டி 2007-ல் பாரம்பரிய ஏலுக்காக வாதாடும் கேம்ரா அமைப்பின் பிரிட்டன் சாம்பியன் பட்டத்தை வாங்கியது. பர்மிங்காமுக்கு மேற்கே, பழைய சுரங்கங்களும் சங்கிலிப் பட்டறைகளும் இருந்த பிளாக் கன்ட்ரியில் பாதம்ஸ், ஹோல்டன்ஸ் ஆலைகள் மைல்ட்டைக் கைவிடவில்லை. அங்கே செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டல் என்ற பப்பின் பின்புறம் ஒரு சிறு கோபுர ஆலை இருக்கிறது. 1920களில் அதை நடத்திய சாரா ஹியூஸின் செய்முறையை அவருடைய பேரன் 1987-ல் மீண்டும் அடுப்பேற்றினார். ஆறு சதவீத ரூபி மைல்ட். போருக்கு முந்தைய வலு இன்னும் உயிரோடிருக்கும் அபூர்வ இடம் அது. சுவரிலுள்ள சிறு திறப்பு வழியாக நீட்டப்படும் அந்தக் கண்ணாடிக் குவளையை மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒரு பைண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய மைல்ட் அது. மூன்றாவது பைண்டிலும் அலுக்காத 1930கள் எக்ஸ் பக்கமே என் மனம் சாய்கிறது.

இனி காய்ச்ச ஆசைப்படுவது 1830களின் எக்ஸுக்கும் 1930களின் எக்ஸுக்கும் நடுவில் நிற்கும் 1914 எக்ஸ். மக்காச்சோள அவலும் இன்வர்ட் சர்க்கரையும் ஏற்கனவே ஏட்டுக்குள் வந்துவிட்டன, போர் வரி இன்னும் வரவில்லை, அடர்த்தி 1050 பக்கம். சிக்கனத்துக்காக வந்தவை என்று பொதுவாகக் கருதப்படும் அந்த இரண்டு பொருள்களும் மால்ட் தாராளமாக இருந்த பீரில் என்ன செய்துகொண்டிருந்தன என்று நாக்கால் அறிய வேண்டும். பாகை இந்த முறை இரண்டாம் எண்ணிலேயே இறக்கிவிடுவதாக இருக்கிறேன்.