வெனிசியச் சாடிகள்: மரபும் மீறலும்

சுருவில் முதலான தீவகத்துச் சிற்றூர்களில் நீத்துப்பெட்டி முடைந்த கைகளுக்கு அழகியற் கோட்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆவி மேலெழ வேண்டும். பிட்டு உதிராது நிற்க வேண்டும். ஆதலால் அது கூம்பு வடிவாயிற்று. ஏனைய பெட்டிகளிற் சாயமிட்ட ஓலை கலந்து முடைந்தபோதும், அவ்வழகு பெட்டியின் பயனுக்கு அடங்கியே நின்றது. கைவினை மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான இவ்வொழுங்கு தலைகீழாக்கப்படின் யாது நிகழும்? ஐக்கிய அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிகூலி 1988இல் தொடங்கிய ‘வெனிசியர்’ என்னும் சாடித்தொடர் இவ்வினாவை எழுப்புகின்றது.

அச்சாடிகளின் மூலமரபும் ஒரு தீவுக்குரியதே. 1291இல் வெனிஸ் அரசு, தீ விபத்துக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. தொழில் நுட்பம் வெளியே கசியாது காப்பதற்கும் அத்தீவு அரணாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அங்கு தெளிந்த ‘கிறிஸ்தல்லோ’க் கண்ணாடி உருவாயிற்று, வெண்ணிழைகளைக் கண்ணாடியினுட் பொதியும் நுட்பம் அடுத்த நூற்றாண்டிற் சிறப்புற்றது. மென்மையும் எடையின்மையுமே முரானோவின் பெருமை.

சிகூலி 1968இல் முரானோவின் வெனீனி தொழிற்கூடத்திற் பயின்றவர். பின்னாளில் வெனிசிலே கண்ட, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய சாடிகள் இத்தொடருக்குத் தூண்டுதலாயின. எனினும் 1976இல் நேர்ந்த வாகன விபத்தில் ஒரு கண்ணை இழந்து, 1979இல் தோளும் ஊறுபட்டமையால், அவர் உலைமுன் தலைமை வினைஞராக நிற்பதைக் கைவிட்டிருந்தார். அவர் வரைந்து காட்ட, ஊதுகுழல் ஏந்தியவர் 1934இல் முரானோவிற் பிறந்த லீனோ தலியாபியெத்ரா.

இச்சாடிகளிற் பூவைக்கவோ நீர்வார்க்கவோ எவரும் துணியார். உடலைச் சுற்றிச் சுருள்கள் படர்கின்றன, இலைகளும் முட்களும் புடைத்தெழுகின்றன, தங்கரேக்கு ஒளிர்கின்றது. முரானோவின் மென்மையை விரும்புவோர்க்கு இது மிகையாகவே தோன்றும். அக்குறை முற்றிலும் பொய்யன்று. சிலவற்றில் அலங்காரம் சாடியையே விழுங்கிவிட, பார்வையாளர் வியப்பாரேயன்றிச் சுவையார். ஆயின் தொடரின் சிறந்த ஆக்கங்களில், சுருள்களின் ஊடே, மூச்சு நிரம்பிப் பருத்த அந்த உருண்டை உடல் தெளிவாய்ப் புலப்படுகின்றது. பயன் நீங்கியபின்னும் பாத்திர வடிவம் அங்கே கட்டுப்பாடாக நிலைக்கின்றது. யாப்பு அறிந்தவன் யாப்பை மீறுவதற்கும் அறியாதவன் மீறுவதற்கும் உள்ள வேறுபாடே இது. அவ்வறிவு தலியாபியெத்ராவின் கையில் இருந்தது.

அவ்வாறாயின் இவை யாருடைய படைப்புகள்? சாடிகள் சிகூலியின் பெயராலேயே அறியப்படுகின்றன. நம் நாட்டுக்கூத்திலும் அண்ணாவியார் தாம் ஆடாமலே கூத்தை ஆக்குகின்றார். எனினும் அரசன் வேடம் புனைந்தவன் யாரென்பதை ஊர் மறப்பதில்லை. சிகூலியின் கற்பனை இன்றேல் முரானோக் கை இத்துணிவை அடைந்திராது. அக்கை இன்றேல் கற்பனை தாளிலேயே உறங்கியிருக்கும். ஆகவே ஒரு பெயரை மட்டும் உரைக்கும் விமரிசனம் பாதி உண்மையையே உரைப்பதாகும்.

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. 1979 முதல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குச் சென்று கற்பித்த தலியாபியெத்ரா, தீவின் இரகசியங்களை அந்நியர்க்கு ஈந்தார் என முரானோவிற் பழிக்கப்பட்டார். அப்பழியின் பின்னுள்ள அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நுட்பமே அத்தீவினரின் சோறு. ஆயினும் கைவினை பூட்டி வைக்கும் பொருளன்று. கற்பார் அற்ற கை ஓயும்போது அதன் இரகசியமும் ஓய்கின்றது. முரானோ நுட்பம் புதிய உருவங்கொண்டு வாழ்வதற்கு அவர் கடந்த கடலும் ஒரு காரணமாகும்.

தீவகத்துக்கு இச்செய்தி அயலானதன்று. பிளாத்திக்கும் அலுமினியமும் பனையோலையின் பயனைப் பெரிதும் கவர்ந்துவிட்டன. போரும் புலம்பெயர்வும் முடையும் கைகளைச் சிதறடித்தன. நீத்துப்பெட்டியைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் போற்றுவது மட்டும் மரபுபேணல் ஆகாது. அதன் முடைச்சலை முற்றும் அறிந்த ஒருவர் அதனை மீறத் துணியும் நாளே அம்மரபு உயிரோடிருப்பதற்குச் சான்று. அந்நாள் வரும்வரை, முடையத் தெரிந்த கைக்கு அருகில் கற்கும் கை ஒன்று அமர்ந்திருத்தல் வேண்டும்.