கட்டம் கேட்காத கேள்வி

ஒரு சின்ன நூலகத்துக்கு விபி டாட்நெட்டில் புத்தகப் பதிவேடு எழுதிக் கொடுத்தேன். இரண்டே டேபிள்: ஒன்றில் புத்தகங்கள், இன்னொன்றில் ஆசிரியர்கள். புத்தக டேபிளில் ஆசிரியரின் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டையும் ஜாயின் செய்து டேட்டாகிரிட்வியூவில் காட்டினேன். தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஒரே வரிசையில் அழகாக வந்து நின்றன.

திருத்தப் போனால்தான் வினை. கட்டத்துக்குள் கர்சர் போகும், தட்டினால் எழுத்தும் மாறும். சேமிக்கும்போது கமாண்ட்பில்டர் கையை விரித்துவிடும். ஜாயின் செய்த டேபிள்களுக்கு அப்டேட் கட்டளையை அதனால் தானாக எழுதித் தர முடியாது. சரி, முடியாதுன்னா முதலிலேயே கட்டத்தைப் பூட்டி வைத்திருக்கலாமே? அரை மணி நேரம் திருத்த விட்டுவிட்டு, கடைசியில் பிழைச் செய்தி காட்டுவது என்ன நியாயம்?

கோபத்தில் அந்தக் கட்டளையை நானே எழுதினேன். கட்டத்தில் பெயர் மாறினால், ஆசிரியர் டேபிளில் பெயரை மாற்று. அவ்வளவுதான். முதல் நாள் 'புதுமைபித்தன்' என்று ஒற்று விட்டுப்போனதை நூலகர் ஓரிடத்தில் திருத்தினார். அவருடைய எல்லாப் புத்தகங்களிலும் சரியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, புதுமைப்பித்தன் புக்கு ஒண்ணையும் காணோமே, எல்லாம் அழகிரிசாமின்னு காட்டுது?"

'அன்பளிப்பு' தொகுப்பு தவறுதலாகப் புதுமைப்பித்தன் பெயரில் ஏறியிருந்தது. அவர் அந்த ஒரு வரிசையில் மட்டும் கு. அழகிரிசாமி என்று திருத்தினார். அவர் செய்தது சரி. என் கட்டளைதான் புதுமைப்பித்தனின் பெயரையே மாற்றிவிட்டது. முந்தைய நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

இரண்டு தடவையும் அவர் செய்தது ஒரே காரியம்: பெயரை அழித்து வேறு எழுதினார். ஒரு தடவை அதற்கு 'ஆசிரியர் பெயரைத் திருத்து' என்று பொருள், இன்னொரு தடவை 'ஆசிரியரையே மாற்று' என்று பொருள். எது என்பது அவர் மனதில் இருக்கிறது, டேபிளில் இல்லை. அப்படிப் பார்த்தால் கமாண்ட்பில்டர் மறுப்பது சோம்பேறித்தனம் இல்லை, நேர்மை. போஸ்ட்கிரெஸ்கூட ஒரே டேபிளிலிருந்து வரும் எளிய வியூவைத்தான் தானாகத் திருத்த விடுகிறது. ஆக்சஸ் ஜாயினிலும் திருத்த விடும். ஆனால் பெயரை மாற்றினால் நான் செய்ததையேதான் செய்யும், ஒரு வார்த்தை கேட்காமல்.

இப்போது ஜாயினையே எடுத்துவிட்டேன். கட்டத்தில் புத்தக டேபிள் மட்டும். ஆசிரியர் எண் இருக்கும் இடத்தில் காம்போ பாக்ஸ்: டிஸ்ப்ளேமெம்பர் பெயர், வேல்யூமெம்பர் எண். ஆளை மாற்ற வேண்டுமா, பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துப் பிழையா, அதற்குத் தனி ஃபார்ம். கமாண்ட்பில்டரும் முணுமுணுக்காமல் வேலை செய்கிறது.

குறை தீர்ந்துவிடவில்லை. அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியும் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறது. "அகர வரிசைல வரலையே தம்பி" என்று நூலகர் கேட்கிறார். அவர் கேட்பதிலும் தப்பில்லை. காட்டுவது ஒன்று, வைத்திருப்பது ஒன்று என்றால், அதைப் பயனரிடம் சொல்ல வேண்டியது கருவியின் வேலை. அது சொல்லாதவரை நாம்தான் சொல்லியாக வேண்டும்.